அத்தி மரத்தில் அடித்த அழைப்பு மணி

மே 14. நேற்று எழுதியதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. எரிந்துபோன வீட்டின் அழைப்பு மணி, வாசலில் நின்ற அத்தி மரத்தின் அடிமரத்திலிருந்து அடித்தது என்று எழுதிவிட்டேன். அடிமரத்திலிருந்து அல்ல, ஜன்னல் பக்கம் சாய்ந்த கிளையிலிருந்து. பார்த்ததை முதலில் எழுது, நினைத்ததை அப்புறம் எழுது என்று மாலை நேர எழுத்து வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இரண்டும் கலந்துவிடுகிறது. அதனால் முதலிலிருந்து மறுபடி எழுதுகிறேன்.

தீ ஒரு பிற்பகலில் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கியது. அதற்கு முந்திய மாதங்களில் மழையே இல்லை. காற்று மட்டும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. காவல்துறை வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொல்லிக்கொண்டே தெருவைக் கடந்தது. தெரு என்றால் ஊரின் கடைசித் தெரு. அதற்கு அப்பால் சரிவும் காடும்தான். ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர் அவசரத்தில் டிவியின் ரிமோட்டை மட்டும் எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது கிழக்கு வரிசையில் ஒரு வீடும் மிச்சமில்லை. இரும்பு பீரோக்கள் இடுப்பு வளைந்து நின்றன. கண்ணாடிகள் உருகி மெழுகு மாதிரி தரையில் உறைந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் மரம் நின்றது. கிளையோடு, இலையோடு, சிலவற்றில் காயோடு. பூட்டும் சாவியும் போட்ட வீடுகள் சாம்பலாகிவிட, வெட்டவெளியில் நின்ற மரங்கள் பச்சையாக இருந்ததை ஜனங்கள் முதலில் அதிசயமாகப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

சந்தேகத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுப்பவர். தெருவில் அவருக்கு யூனிட் என்று பெயர். முகத்துக்கு நேராக யூனிட் சார். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்ற அத்தி மரத்தின்மேல்தான் அவருக்குப் பகை. அதன் சருகு தன் கூரையில் விழுகிறது என்று தீக்கு முன்பே பல வருடங்களாகச் சொல்லிவந்தவர்.

"காசு போட்டுக் கட்டினது எல்லாம் போச்சு. யாரும் தண்ணிகூட ஊத்தாத மரம் ஜம்முனு நிக்குது. இது என்ன நியாயம்?"

"மரத்துகிட்ட போய் நியாயம் கேக்கறீங்களே சார்," என்றார் அந்த மரத்தின் வீட்டுக்காரர். அவர் பேருந்து நடத்துனர்.

"கேக்காம? காட்டுத் தீயைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து நம்ம வீட்டுக்குள்ள விட்டுட்டு, தனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது பாருங்க."

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். முழங்கால்வரை சாம்பலோடு, தலையில் கைக்குட்டை கட்டிய ஓர் அம்மாள். அவர் அத்தி மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் கருகிச் சுருண்டிருந்தன.

"எந்தப் பக்கம் கருகியிருக்குன்னு பாருங்க. காட்டுப் பக்கம் பச்சையா இருக்கு. வீட்டுப் பக்கம்தான் கருகியிருக்கு. மரம் வீட்டைச் சுடல. வீடுதான் மரத்தைச் சுட்டிருக்கு."

"அப்ப வீட்டைச் சுட்டது யாரு?" என்றார் யூனிட்.

"தெரியல. ஆனா உள்ளேருந்து எரிஞ்ச மாதிரி இருக்கு. அதுவும் முதல்ல எரிஞ்சது இந்த வீடுதான்னு தோணுது."

சாம்பலை அள்ளிக்கொண்டிருந்த நடத்துனரின் மனைவி, கையிலிருந்த வாளியைக் கீழே போட்டார். அவர் வீட்டிலிருந்தபடியே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். தெருவுக்கெல்லாம் தையலக்கா. வாளி உருண்டு போய் மரத்தில் முட்டி நின்றது. கை வழுக்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வழுக்கவில்லை. தீ வந்த அன்று பிற்பகல் ஒலிபெருக்கி வண்டி வந்தபோது நடத்துனர் வேலைக்குப் போயிருந்தார், தையலக்கா தனியாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி நன்றாகக் காய்ந்திருந்தது. பையை எடுத்தது ஞாபகம் இருந்தது. கதவைப் பூட்டியது ஞாபகம் இருந்தது. பெட்டியை அணைத்தது மட்டும் ஞாபகத்தில் இல்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் ஒரு பொத்தல்தான் இருந்தது. தெருவில் மின்சாரம் எப்போது நின்றது என்று மெதுவாக விசாரித்தும் பார்த்துவிட்டார். எல்லோரும் கிளம்பி நெடுநேரம் கழித்துத்தான் நின்றதாம். ஆகவே காட்டுத் தீ அல்ல, தன்னுடைய இஸ்திரிப் பெட்டிதான் முதலில் தன் வீட்டையும் பிறகு காற்றடித்த திசையில் மற்ற வீடுகளையும் எரித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் ஊசியைத் தொடவில்லை. யாராவது எரிந்த வீட்டைப் பற்றிப் பேசினால், மனையிலேயே போட்டிருந்த தகரக் கொட்டகைக்குள் போய் அவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். தெரு முழுக்க எரிந்த வீட்டைப் பற்றித்தான் பேசியது. அந்த மாதம் அவர் போட்ட தேநீருக்கு அளவே இல்லை.

அதிகாரி வந்துபோன அந்த வாரக் கடைசியில்தான் அழைப்பு மணி அடித்தது. பிற்பகலில், எல்லோரும் அவரவர் மனையில் குப்பை வாரிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தி மரத்தின் கிளையிலிருந்து கணீரென்று அடித்தது. நடத்துனர் பழக்கதோஷத்தில் "யாரது, வரேன்" என்று சொல்லி, இல்லாத கதவைத் திறக்க நாலடி நடந்தும்விட்டார். பிறகு அலமாரி நகர்த்தும் சத்தம் வந்தது. சுவரில் ஆணி அடிக்கும் சத்தம். "கொஞ்சம் இடது பக்கம்... ஐயோ, என்னோட இடதுங்க" என்று தையலக்காவின் குரல், இப்போதைவிட இளமையாக. புதிதாகக் கல்யாணமாகி அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளின் சத்தம் அது. மரம் வீட்டின் சத்தங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, இப்போது முதலிலிருந்து வரிசையாக வெளியே விட ஆரம்பித்திருக்கிறது என்பது அடுத்தடுத்த நாட்களில் விளங்கியது. மற்ற மரங்களும் சும்மா இருக்கவில்லை. யூனிட் வீட்டு மாமரத்தடியில் பொழுது சாய்ந்ததும் ஒரு டியூப் லைட்டின் வெளிச்சம் விழுந்தது, அந்த வீட்டு டியூப் லைட் போலவே மூன்று தடவை கண்சிமிட்டிவிட்டு. கோடி வீட்டுக் கொய்யா மரம் சோப்பு வாசனை வைத்திருந்தது. ஆனால் பேசியது அத்தி மரம் ஒன்றுதான். அது தையல் அறையின் ஜன்னலில் கன்னத்தை வைத்தபடி ஒன்பது வருடம் நின்ற மரம்.

பிற்பகல்தோறும் ஏறக்குறைய ஒரு மாதத்து வாழ்க்கையை மரம் விட்டது. எல்லாவற்றையும் அல்ல. டிவியையும் குறட்டையையும் தள்ளிவிட்டது. தையல் மெஷின் சத்தத்தை ரசித்து நீட்டியது. நடத்துனர் குளிக்கும்போது பாடியது முழுசாக வந்தது. மறுநாள் அவருடைய பேருந்தில் ஏறியவர்கள் டிக்கெட் வாங்கும்போது அதையே முணுமுணுத்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் வந்தன. தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து, பழைய சண்டைக்குப் புதிதாகத் தீர்ப்புச் சொன்னது. ஒருநாள் விட்டத்தில் தொட்டில் கொக்கி மாட்டும் சத்தம் வந்தது. மறுநாள் அதைக் கழற்றும் சத்தம் வந்தது. யூனிட் அன்று, மரத்தைக் கேட்க உட்காரும் தன் மடக்கு நாற்காலியைச் சத்தமில்லாமல் மடக்கி எடுத்துப் போனார்.

அப்படி மரியாதையாக நடந்துகொண்டவரை மரம் அடுத்த வாரமே அவமானப்படுத்தியது. நடத்துனரின் அக்கா, தையலக்காவுக்கு நாத்தனார், விடுமுறைக்கு வந்திருந்தபோது பேசியதை அப்படியே வெளியே விட்டது: "பக்கத்து வீட்டு மனுஷன் ஃபேன் போட்டுட்டு, அது எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணுவாரு போலிருக்கே! வேர்வைக்கும் மீட்டர் வெச்சிருப்பாரு." தெரு சிரித்தது. நாத்தனாரும் அங்கேதான் நின்றிருந்தார். எரிந்த வீட்டுக்கு உதவி செய்ய வந்தவர்.

"நீங்களா பேசினீங்க?" என்று கேட்டார் யூனிட்.

"மரம்தானே பேசுச்சு. என்னைக் கேட்டா?" என்றார் நாத்தனார்.

யூனிட் மறுநாளே மரத்தை வெட்டக் கேட்டு நகராட்சிக்குப் போனார். தீயை வரவழைத்த மரம், போதாததற்கு ஒட்டுக் கேட்கும் மரம் என்று சொன்னார். மரம் நிற்பது நடத்துனரின் மனையில், ஆகவே மனைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். யாரும் சம்மதிக்கமாட்டார்கள் என்றே தெரு நினைத்தது. ஆனால் தையலக்கா ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டே, "வெட்டிடலாங்க" என்றார்.

"என்னது? நம்ம வீட்டுல மிச்சமிருக்கிறதே அது ஒண்ணுதான்."

"எதுக்கு மிச்சம்? நம்ம மானம் கப்பலேறவா?"

நடத்துனர் வாதாடிப் பார்த்தார். தொட்டில் சத்தம் அவளை உலுக்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கடைசியில் சரி என்றார். காரணம் அதுவல்ல. மரம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. கதவுக்கு எண்ணெய் போட்ட வருடம் போனது, மெஷினுக்கு மோட்டார் வைத்த வருடம் போனது. கேபிள்காரர் வந்த நாளும் போனது. யூனிட்தான் அவரை வீடு வீடாகக் கூட்டிப்போய், "பரண்ல காத்துத் துளை இருக்கு பாருப்பா. வலையை வெட்டிட்டு ஒயரை உள்ள விடு" என்று எல்லா வீட்டுக்கும் யோசனை சொல்லியிருந்தார். அவருடைய குரலையே மரம் விட்டபோது ஜனங்கள் கைதட்டினார்கள். இன்னும் சில வாரத்தில் கடைசி நாள் வந்துவிடும். அன்று இஸ்திரிப் பெட்டிக்கான சுவிட்சின் 'டக்' சத்தம் கேட்கும், அல்லது கேட்காது. நடத்துனர் எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டிய பித்தளை சுவிட்ச் அது. அணைத்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். கேட்காவிட்டால், தெருவை எரித்தது யார் என்று தெருவே உட்கார்ந்து கேட்டுவிடும்.

வெட்டுகிற ஆட்கள் ரம்பத்தோடு வந்த நாள், மரத்தின் கணக்குப்படி அந்தக் கடைசி நாளாகவே அமைந்தது. காலையிலேயே வந்துவிட்டார்கள். கயிறு கட்ட ஒருவர் மரத்தில் ஏறினார். கீழே நின்ற தையலக்கா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருகின பக்கத்தில் புதுத் துளிர்கள் விட்டிருந்தன, குழந்தைக் காது அளவில். ஏறினவர் மிதித்ததில் ஒரு துளிர் ஒடிந்து பால் வடிந்தது. தையலக்கா புருஷன் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, அவங்களை இறங்கச் சொல்லுங்க."

"நீதானே வெட்டணும்னே?"

"நான்தாங்க எரிச்சேன். நம்ம வீட்டை. எல்லார் வீட்டையும். இஸ்திரிப் பெட்டியை அணைச்ச ஞாபகமே எனக்கு இல்ல."

நடத்துனர் ஏறினவரை இறங்கும்படி கை காட்டினார். யூனிட் பக்கத்தில்தான் இருந்தார், காதில் விழுந்துவிட்டது. நாத்தனார் விழாததுபோல் பாவனை செய்தார், அவருக்கு அது வராது.

"மரம் இன்னிக்குச் சொல்லிடும்," என்றார் தையலக்கா. "சொல்லட்டும். வெட்டிட்டா நான் செத்துப் போற வரைக்கும் கேட்டுகிட்டேதான் இருப்பேன். சார், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் மரத்தையோ என்னையோ, நீங்க சொல்றபடி."

யூனிட் தன் மடக்கு நாற்காலியை விரித்து அவரை உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து தெரு பார்த்ததில்லை.

பிற்பகலில் மொத்தத் தெருவும் மரத்தடியில் கூடியது. தீயணைப்பு அதிகாரியும் செய்தி கேள்விப்பட்டு வந்தார். ரம்பக்காரர்கள் ரம்பத்தைத் தரையில் போட்டுவிட்டு அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். முதலில் தையல் மெஷின் ஓடியது. நின்றது. ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி பட்டுச் சீறியது. தூரத்தில் ஒலிபெருக்கி. அலமாரி திறந்தது, மூடியது. பையின் ஜிப். செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

டக் கேட்கவில்லை.

தையலக்கா தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மரத்தில் ஒரு சத்தமும் இல்லை. அணில் ஒன்று கிளைமாறிப் போனதைக் கூடக் கேட்க முடிந்தது.

பிறகு பூட்டு மறுபடி கிளிக்கென்றது. கதவு. வேகமான செருப்புச் சத்தம். "ஐயோ, பெட்டி!" என்று தையலக்காவின் குரல், மூச்சு வாங்கியபடி. டக்.

பிளக்கைப் பிடுங்கும் சத்தமும் வந்தது. போதாதென்று இன்னொரு டக், அது ஃபேனுக்கு. பிறகு கதவு, பூட்டு, ஓடும் செருப்பு.

முதலில் பேசியது நடத்துனர். கத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். "நெருப்பு வந்துட்டு இருக்கும்போது ஃபேனை நிறுத்தறதுக்கா திரும்பிப் போனே? பைத்தியமாடி உனக்கு?" தையலக்கா சிரித்தார். சிரிப்பு அழுகையாகி, அது மறுபடி சிரிப்பாகி, எது எது என்று பிரிக்க முடியாமல் போயிற்று. மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, "கரண்ட்டு வீணாப் போகுமேன்னு" என்றார். யூனிட் மட்டும் அதை முழுமனதோடு ஆமோதித்துத் தலையசைத்தார்.

அதோடு எல்லோரும் எழுந்திருப்பார்கள் போலிருந்தது. மரம் முடிக்கவில்லை. காற்று வந்தது. காற்றோடு தகரத்தில் பொடிக் கற்கள் விழுவது போன்ற சத்தம். கங்குகள், என்றார் அதிகாரி. தீ வருவதற்கு முன்னாலேயே காற்றில் பறந்து வருகிறவை. மரத்தின் இலைகளில் விழுந்தவை ஸ்ஸ் என்று சொல்லி அடங்கின, சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஒன்று, இன்னொன்று, நூறு. ஒன்றும் பற்றவில்லை, அத்தி இலைக்குள் அவ்வளவு தண்ணீர். ஆனால் கூரை விளிம்பிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. வலை வெட்டிய காற்றுத் துளை வழியாக ஏதோ பரணுக்குள் போய் உட்கார்ந்து, எலி மாதிரி காகிதத்தைப் புரட்டியது. பரணில் கிழிந்த மெத்தை இருந்தது, கல்யாணத்துக்கு வந்த பரிசுகளின் அட்டைப் பெட்டிகள் இருந்தன, என்றைக்காவது உதவும் என்று கட்டி வைத்த செய்தித்தாள் இருந்தது. புரட்டல் சடசடப்பாயிற்று. அடுத்த வீட்டுப் பரணிலும் அதே புரட்டல். அதற்கடுத்த வீட்டிலும். வெகுநேரம் கழித்துத்தான் காட்டுத் தீ வந்து சேர்ந்தது. மரத்தை அது கடந்தது, நிற்காத பேருந்து ஒரு நிறுத்தத்தைக் கடப்பதுபோல. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். வீடுகள்தான் பொழுது விடியும்வரை எரிந்தன.

எல்லோரும் யூனிட்டைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். கேபிள்காரரோடு அவர் குரலைக் கேட்டுக் கைதட்டியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்தது. அவர் முகம், மின்தடை வந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

"சார்," என்றார் தையலக்கா. நாற்காலியிலிருந்து எழுந்து அதை அவர் பக்கம் நகர்த்தினார். "துளை போட்டது ஒயருக்கு. உள்ள அத்தனையும் அடைச்சு வெச்சது நாங்கதானே? என் பரண்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"எங்க பரண்ல மூணு உடைஞ்ச ஃபேன் இருந்துச்சு," என்றார் யூனிட், தரையைப் பார்த்து.

"சுத்து எண்ணவா?" என்றார் நாத்தனார்.

முதலில் சிரித்தது யூனிட்தான். பிறகு ரம்பக்காரர்களிடம் போய், "நீங்க கிளம்புங்கப்பா. மரத்துக்குப் பரண் கிடையாது. அதான் விஷயம்" என்றார். காலையில் கயிறு கட்டியவர் மறுபடி ஏறிக் கயிற்றை அவிழ்த்து, மிதித்து ஒடித்த துளிருக்குக் கீழே கொஞ்சம் மண் குழைத்துப் பூசிவிட்டு இறங்கினார். அன்று எல்லோருக்கும் யூனிட்டின் கொட்டகையிலிருந்து தேநீர் வந்தது. தையலக்கா ஒரு தம்ளரை உட்கார்ந்தபடி வாங்கிக் குடித்தார். இரண்டாவது கேட்டார்.

அதன் பிறகு மரம் பேசவில்லை. மழை வந்தது, போயிற்று. வீடுகள் திரும்ப எழுந்தன, கொஞ்சம் சின்னதாக. ஒவ்வொரு பரணின் காற்றுத் துளைக்கும் இரும்பு வலை அடித்தார்கள். அவ்வளவு வலையும் நான் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையிலிருந்துதான் போனது. பரணில் பெரும்பாலும் காற்றைத் தவிர ஒன்றும் வைப்பதில்லை. சருகு விழுந்தால் வாரிவிடுகிறார்கள். யூனிட் ஞாயிறுதோறும் தன் கூரையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கூரைக்கும் ஏறுகிறார். தையலக்கா மறுபடி சீருடை தைக்கிறார். புது வீட்டுக்கு அழைப்பு மணி வாங்க நடத்துனர் ஒருநாள் கிளம்பினார். அதற்குள் தபால்காரர் வந்து, அத்திக் கிளையைப் பிடித்துக்கொண்டு செருப்பிலிருந்த கல்லைத் தட்டினார். மணி அடித்தது. பழைய மணியேதான். நடத்துனர் கடைக்குப் போகவில்லை. இப்போது அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிளையைத் தொட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். மீட்டரில் ஏறாத மணி என்று யூனிட்டுக்கு அதன்மேல் தனி மரியாதை. ஜன்னல் பக்கம் கிளை மறுபடி கன்னம் வைத்திருக்கிறது. தையலக்காவும் நடத்துனரும் சண்டை போடுவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள்.

வகுப்பில் கேட்டபடி, பார்த்தது எது நினைத்தது எது என்று மறுபடி படித்துப் பார்த்தேன். அணில் கிளைமாறிய சத்தம் மரம் விட்டதா, அப்போதே நடந்ததா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம்.

நாளைய வேலை: தையலக்கா வீட்டுப் பரண் வலையை அணில் ஒரு மூலையில் பிய்த்திருக்கிறது. அளவு எடுத்தாயிற்று. புது வலை வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஏணி யூனிட் சார் வீட்டில். காலையில் போனதும் கிளையை மெதுவாகத் தொட வேண்டும், இழுக்கக் கூடாது.